உயிர்ச்சீட்டு

பேரரசனாக இருந்தாலும் சரி, பெரியம்மைக்குத் தடுப்பூசி கண்டவராக இருந்தாலும் சரி, அந்த வீட்டில் ஓர் ஆளுக்கு ஆறு வரிதான். ஏழாவது வரி வேண்டுமென்றால் அவர் இன்னொரு கண்டத்தையாவது கண்டுபிடித்துவிட்டு வர வேண்டும். இப்படி அளந்து அளந்தே கொடுத்ததால், வருஷா வருஷம் வெளிவரும் பொது அறிவுக் களஞ்சியத்தின் தொகுப்பாசிரியருக்குத் தெருவில் 'ஆறுவரி' என்றே பெயர் நிலைத்துவிட்டது. தபால்காரர்கூட அப்படித்தான் கூப்பிட்டார். மனைவி கோபம் வந்தால் மட்டும்.

களஞ்சியம் அறுநூற்று நாற்பது பக்கம். முன்பாதி முழுக்க மனிதர்கள். பின்பாதியில் நதிகளின் நீளம், தலைநகரங்கள், வானம் ஏன் நீலம், தண்ணீரில் மிதக்கும் உலோகம் எது, இப்படி. பரீட்சை எழுதுகிறவர்கள் வாங்கினார்கள். நூலகங்கள் அதைவிட அதிகம் வாங்கின. மூன்றாம் மாடியில் மூன்று அறை. முன்னறையில் ஆறுவரி எழுதுவார். நடு அறையில் அவருடைய மச்சினன் கணினியில் அடிப்பான். சமையலறையை ஒட்டிய மேசையில் மனைவி சிவப்புப் பென்சிலும் அடிக்கோலும் வைத்துக்கொண்டு மெய்ப்புப் பார்ப்பாள். அடுப்பில் பால் பொங்கினாலும் வருஷத்தைச் சரிபார்த்து டிக் போட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பாள்.

செத்தவர்களால் அந்த வீட்டுக்கு எந்தத் தொல்லையும் இல்லை. கொடுத்த ஆறு வரிக்குள் கையைக் காலை மடக்கிக்கொண்டு படுத்திருப்பார்கள். உயிரோடு இருப்பவர்கள்தான் படியேறி வந்து பேரம் பேசுவார்கள். ஒரு பாடகி பிறந்த வருஷத்தில் ஆறைக் கூட்டச் சொன்னார். ஒன்றுகூட முடியாது என்றார் இவர். இரண்டு தேநீர் ஆறியபின், பிறந்த வருஷத்தையே எடுத்துவிடுவது என்று தீர்ந்தது. இருவருக்கும் லாபம்.

இந்தத் தொல்லைக்காகத்தான் சீட்டு என்று ஓர் ஏற்பாடு. ஜூன் மாதம் உயிரோடிருக்கிற இருநூற்றுச் சொச்சம் பேருக்கும் ஒரு மஞ்சள் அட்டை தபாலில் போகும். போன வருஷம் வந்த குறிப்பை அதன் பின்பக்கம் ஒட்டி அனுப்புவார்கள். திருத்தம் இருந்தால் செய்து திருப்பியனுப்ப வேண்டும். வீட்டுப் பாஷையில் அதற்கு உயிர்ச்சீட்டு என்று பெயர். அதில் ஒரு கோளாறு உண்டு. செத்தவர்களின் குறிப்பை வீட்டில் எழுதி வைக்க ஒன்று, இருப்பவர்களுக்கு அனுப்ப ஒன்று என்று இரண்டு விதமாக அச்சடிக்க மனசு வராமல், ஆறுவரி ஒரே சீட்டாக ஐயாயிரம் அடித்து வைத்துவிட்டார். அதனால் எல்லாச் சீட்டிலும் 'பிறப்பு' என்று ஒரு கட்டம், பக்கத்திலேயே 'மறைவு' என்று ஒரு கட்டம். பழகியவர்கள் அதில் ஒரு கோடு இழுத்து அனுப்புவார்கள். ஒரு நாடகக்காரர் 'ஒத்திகை நடக்கிறது' என்று எழுதினார். அந்த வருஷக் களஞ்சியத்தில் அது அப்படியே அச்சாகி வந்தது. ஏனென்றால் வீட்டின் சட்டம் அது: சீட்டில் வந்தது வந்தபடி. மச்சினன் சீட்டைப் பார்த்து அடிப்பான், அக்கா சீட்டைப் பார்த்துச் சரிபார்ப்பாள். இரண்டும் ஒத்துப்போனால் டிக். யாரும் இடையில் புகுந்து யோசிக்கிற வழக்கம் இல்லை. யோசித்தால் பேரத்துக்கு இடம் வந்துவிடும் என்பது ஆறுவரியின் கட்சி.

பேரமே பேசாத ஓர் ஆள் உண்டு. ஓய்வு பெற்ற நீதிபதி. ஆறு வரிக்கு இடம் இருந்தும் ஐந்தே வரியோடு நின்றவர். தலைப்பில் பெயர், 1929 என்ற பிறந்த வருஷம், ஒரு கோடு. ஆலைப் பெண்களின் வேலை நேரத்தைக் குறைத்துத் தீர்ப்பளித்தவர். சிறைக்குள் கால்விலங்கை ஒழித்தவர். தம் பணிக்காலம் முழுவதிலும் ஒருவருக்கும் மரண தண்டனை விதிக்காதவர். நூலகக் குழுத் தலைவர். ஒரு மகன் உண்டு. அவ்வளவுதான். களஞ்சியத்தை எல்லா நூலகத்துக்கும் வாங்கலாமா என்று முடிவு செய்கிற குழு அவர் கையில் இருந்தது. அந்த வீட்டின் சோறு அந்த முடிவில்தான் இருந்தது. அப்படியிருந்தும் ஆறாவது வரியைக் கேட்காத மனிதர் என்று ஆறுவரி போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்.

2014 அக்டோபர் முதல் வாரம். மழை பெய்வதும் நிற்பதுமாக வாரம் முழுக்க இழுத்துக்கொண்டிருந்தது. பைண்டிங்கிலிருந்து மூவாயிரம் பிரதி வந்து முன்னறையில் இடுப்புயரம் அடுக்கியிருந்தது. ஈரக் காற்றில் அட்டைகள் லேசாக வளைந்திருந்தன. மாதக் கடைசிக்குள் நூலகங்களுக்குப் போக வேண்டும். குறிப்பு இடம்பெற்ற எல்லாருக்கும் ஓர் இலவசப் பிரதி முதலிலேயே தபாலில் போயிருந்தது.

தொலைபேசியை மனைவிதான் எடுத்தாள். நீதிபதி. காகிதம் போன வருஷத்தைவிட நன்றாக இருக்கிறது, எழுத்தும் கண்ணுக்கு இதமாக இருக்கிறது என்று நிதானமாகப் பாராட்டினார். பிறகு அதே குரலில் சொன்னார்.

"இருநூத்திப் பன்னெண்டாம் பக்கம் பாத்தேம்மா. நான் இந்த வருஷம் செத்துட்டதாப் போட்டிருக்கு."

அவள் பக்க எண்ணைச் சிவப்புப் பென்சிலால் மேசையோரத்தில் குறித்தாள்.

"கோவமெல்லாம் இல்ல. யார் சொல்லிப் போட்டீங்கன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. அவசரமில்ல. வருஷம் முடிய இன்னும் மூணு மாசம் இருக்கே."

ஆறுவரி அடுக்கிலிருந்து ஒரு பிரதியை உருவிப் பார்த்தார். 1929 – 2014. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தாலும் அதுவேதான். உடனே மச்சினன் தலையில் விடிந்தது. அறுநூற்று நாற்பது பக்கத்தில் கொல்வதற்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா, எழுத்தாளர்களில் எத்தனை பேர் சும்மா இருக்கிறார்கள், நூலகக் குழுத் தலைவரா அகப்பட்டார் என்று பிடித்துக்கொண்டார். மச்சினன் எல்லாவற்றையும் கேட்டு முடித்து, சுவரோரம் வருஷம் எழுதி அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகளில் கடைசிப் பெட்டியைத் திறந்து மஞ்சள் சீட்டை எடுத்து வந்து மேசைமேல் போட்டான்.

"நான் டைப் அடிக்கிறவன் மாமா. எமன் இல்ல. சீட்டப் பாருங்க."

நீல மையில், உருண்டை உருண்டையான எழுத்தில், ஒரு கட்டம் விடாமல் நிரப்பப்பட்டிருந்தது. பிறப்பு: 1929. மறைவு: 2014. கீழே தேதி: 11 ஜூன் 2014.

ஆறுவரி நாற்காலியில் சாய்ந்து வாய்விட்டுச் சிரித்தார். தப்பு நம்முடையது இல்லை, அவர்கள் வீட்டிலிருந்தே வந்திருக்கிறது, சீட்டைக் காட்டினால் தீர்ந்தது என்றார். மனைவி சிரிக்கவில்லை. அவள் முந்தைய இரண்டு வருஷப் பெட்டிகளைத் திறந்து நீதிபதியின் சீட்டுகளை எடுத்து மூன்றையும் வரிசையாக வைத்தாள். பழைய இரண்டிலும் நடுங்கிய கிழட்டு எழுத்து; மறைவுக் கட்டத்தில் அடிக்கோல் வைத்து இழுத்த ஒரு கோடு.

"இது அவர் எழுத்தில்லங்க."

"கை நடுங்குதுன்னு பையன் எழுதியிருப்பான். அதனால என்ன?"

"பையன்தான் எழுதியிருக்கான். ஜூன் மாசமே எழுதிட்டான்."

கீழ்த்தளத்து அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரம் ஒரு தடவை இறங்கி ஏறிய சத்தம் மூன்றாம் மாடி வரை கேட்டது. இந்தக் காலத்தில் யார் எந்தக் கட்டத்தைப் பார்த்தாலும் நடப்பு வருஷத்தை எழுதிவிடுகிறார்கள், கைப்பழக்கம் என்றார் ஆறுவரி. தேதிக் கட்டத்தில் தேதி தனியாக ஒழுங்காக எழுதியிருக்கிறதே என்றாள் அவள். அவளுக்கு அதைவிட உறுத்தியது வேறு. மெய்ப்பில் 2014, சீட்டில் 2014, இரண்டையும் விரல் வைத்து ஒப்பிட்டு அவளேதான் சிவப்பு டிக் போட்டிருந்தாள்.

மறுநாள் மகன் வந்தான். ஐம்பது தாண்டிய, பெரிய உடம்பும் சின்னக் குரலுமான ஆள். குடையை வெளியிலேயே விரித்து வைத்து, காலணியை வாசலைப் பார்த்தபடி ஜோடியாகத் திருப்பி விட்டுவிட்டு உள்ளே வந்தான். கையில் ஒரு பிஸ்கட் டப்பா. உட்கார நாற்காலி காலி செய்வதற்குள் நீதிபதி செத்திருந்த மூவாயிரத்தில் ஓர் அடுக்கின்மேல் உட்கார்ந்துகொண்டான்.

அப்பா மனசு உடைந்துபோயிருக்கிறார் என்றான். எண்பத்தைந்து வயது, சரியாகச் சாப்பிடுவதில்லை, டாக்டர் மாத்திரையை மாற்றியிருக்கிறார், மூன்று வேளையும் என் கையால்தான் எடுத்துக் கொடுக்கிறேன். இந்த நேரத்தில் இப்படி ஒன்று அச்சில் வந்தால் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஆறுவரி நினைத்துப் பார்த்து மூன்று தடவை மன்னிப்புக் கேட்டார். அதெல்லாம் வேண்டாம், இது அச்சில் நேர்ந்த பிழை என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும், அப்பாவிடம் காட்டிச் சமாதானப்படுத்திவிடுவேன் என்றான் மகன். குழுவின் பட்டியலில் களஞ்சியம்தான் முதலில் இருக்கிறது, அது அப்படியே இருக்கும் என்றும் சொன்னான். சொல்லிவிட்டு டப்பாவைத் தானே திறந்து ஆளுக்கொரு பிஸ்கட் நீட்டினான்.

"அந்த மஞ்சச் சீட்டும் இருக்குமே. அதையும் குடுத்துடுங்க. கையோட எடுத்துட்டுப் போயிடறேன்."

ஆறுவரியின் கை பெட்டிப் பக்கம் போனது. மனைவி முந்திக்கொண்டாள்.

"அச்சு முடிஞ்சதும் சீட்டையெல்லாம் பழைய பேப்பருக்குப் போட்டுருவோங்க."

அந்த வீட்டை விட்டு முப்பது வருஷத்தில் ஒரு சீட்டு வெளியே போனதில்லை. மச்சினன் மின்விசிறியைப் பார்த்தான். மகன் சுவரோரத்தைப் பார்த்தான். அவன் பார்வை பெட்டிகளின்மேல் ஒவ்வொரு வருஷமாக நடந்து வந்து, கடைசிப் பெட்டியில் நின்றது.

"நல்ல பழக்கம்," என்றான். "பழச வெச்சுக்கிட்டிருந்தா எடத்த அடைக்கும்."

ஆறுவரி எழுதிக் கொடுத்தார். 'தட்டச்சில் நேர்ந்த பிழை, வருந்துகிறோம்.' மகன் அதை இரண்டு தடவை படித்து மடித்து வைத்துக்கொண்டான். ஏதாவது தேவையென்றால் நேராகத் தன்னையே கூப்பிடச் சொல்லி, பிஸ்கட் டப்பாவின் மூடியில் தன் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தான். அதில் நாலு இரண்டு இடத்தில் வந்தது. இரண்டும் மேலே முக்கோணமாக மூடிய நாலு. சீட்டிலும் அந்த நாலுதான்.

அன்று மத்தியானமே ஒட்டுவேலை ஆரம்பமானது. '1929 –' என்று மட்டும் அச்சடித்த மெல்லிய துண்டுகள் மூவாயிரம். மச்சினன் பக்கத்தைப் பிரித்துக் கொடுப்பான். அவள் துண்டின் முதுகில் பசை தடவி, ஊசி முனையால் எடுத்து, பழைய வருஷத்தின்மேல் சரியாக உட்கார வைத்துத் துணியுருண்டையால் ஒற்றுவாள். ஆறுவரி நடுவில் ஒரு தாள் வைத்து மூடி அடுக்குவார். மழை ஈரத்தில் பசை காயவே இல்லை. எட்டுப் பிரதிக்கு ஒன்றில் எதிர்ப்பக்கம் ஒட்டிக்கொண்டது. அந்த எதிர்ப்பக்கத்து நீச்சல் வீரர் கையோடு கிழிந்து வந்தார். ரொட்டியும் தேநீருமாக அங்கேயே சாப்பிட்டார்கள். விரலிலிருந்த பசை ரொட்டியிலும் ருசித்தது.

"மாமா மேல வருத்தமில்ல அக்கா," என்றான் மச்சினன். "தட்டச்சுப் பிழைன்னா நான்தானே. என்னத் தூக்குலயா போடப்போறார்? அவர்தான் யாரையும் போட்டதில்லன்னு நம்ம புத்தகமே சொல்லுதே."

அவள் புருஷனைப் பார்த்தாள். "பாடகியோட வயசுக்குக்கூட நீங்க பொய் எழுதல. இவனுக்கு எழுதிக் குடுத்தீங்க."

"ஒரே ஒரு வரிதானே."

"யாருக்கும் குடுக்காத ஏழாவது வரி. அத அவனுக்குக் குடுத்தீங்க."

ஆறுவரி அடுக்கைத் தட்டி ஒழுங்கு செய்தார். பிறகு, குழு கைவிட்டால் மூவாயிரம் பிரதியையும் தின்று தீர்ப்பதா என்று கேட்டார். யாரோ வீட்டு விவகாரம், அதற்குள் மூக்கை நுழைக்க நமக்கு என்ன வந்தது, சந்தேகம் மட்டும்தானே, ஒரு கட்டத்தில் ஒரு எண் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. வியாபாரம் செய்கிறவர்கள் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். அவள் ஒட்டி முடித்த ஒரு பக்கத்தைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். துண்டுக்கு அடியில் 2014 தெளிவாகத் தெரிந்தது.

மறுநாள் காலை காய்கறி வாங்கப் போகிறேன் என்று பையோடு கிளம்பினாள். பைக்குள் களஞ்சியத்தின் ஒரு பிரதி, இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் மஞ்சள் சீட்டு. நீதிபதியின் வீடு இரண்டு தெருக்கள் சந்திக்கிற மூலையில், பெரிய மனையின் நடுவே, மரங்களுக்குள் இருந்தது. எதிர்க் கடை வாசலில் நின்று மகனின் கார் வெளியே போகிறவரை காத்திருந்தாள். கேட்டருகில் இரண்டு பேர் நாடாப் பிடித்து மதிலை அளந்து குறித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வெள்ளையடிக்கவா என்று கேட்டாள். வருஷக் கடைசியில் மனை எங்கள் முதலாளி கைக்கு வந்துவிடும், அதற்குமேல் வெள்ளையடித்து என்ன ஆகப்போகிறது என்று ஒருவன் சிரித்தான். பெரியவர் எங்கே போவார் என்றாள். அது தெரியாது, தான் இருக்கிறவரை விற்க மாட்டேன் என்கிறாராம் என்றான் மற்றவன், நாடாவைச் சுருட்டிக்கொண்டே.

நீதிபதி ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் இருந்தார். முழங்காலில் போர்வை. பக்கத்து முக்காலியில் கிழமைவாரியாகக் கட்டம் போட்ட மாத்திரைப் பெட்டி. அவள் களஞ்சியத்தைப் பிரித்துச் சீட்டைக் கொடுத்தாள். அவர் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து, பெயரிலிருந்து தேதிவரை ஒரு கட்டம் விடாமல் படித்தார். தீர்ப்பு எழுதுகிறவருக்கு அவசரம் கிடையாது. அவள் மாத்திரைப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அழகான எழுத்து," என்றார் கடைசியில். "கையப் புடிச்சு எழுதக் கத்துக் குடுத்தது நான்தான். நாலுக்குத் தலைய மூடாதடான்னு எத்தனையோ தடவ சொல்லியிருக்கேன். கேக்கவே மாட்டான்."

"கை தவறியிருக்கலாங்க ஐயா."

"முப்பத்தோரு வருஷம் கூண்டப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேம்மா. வாய் எவ்வளவு பொய் வேணாலும் சொல்லும். இந்தக் கைதான் அசந்த நேரத்துல மனசுல இருக்கறத எழுதிடும்."

போலீசில் சொல்லலாமா என்று கேட்டாள்.

"என்னன்னு சொல்றது? ஒரு கட்டத்துல ஒரு வருஷத்த எழுதினான்னா? அந்த வழக்கு எங்கிட்ட வந்திருந்தா அஞ்சு நிமிஷத்துல விடுதல பண்ணியிருப்பேன்."

அன்றைய கட்டத்தைத் திறந்து மாத்திரைகளை விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளித் தேநீர்த் தட்டில் போட்டு, தட்டை முக்காலியின் ஓரத்துக்கு நகர்த்தினார். இனிமேல் இதைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். சீட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. போர்வைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அதற்குப் பதில் மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். ஆறுவரி எழுதிக் கொடுத்த வரி.

"இது எனக்கு வேண்டாம். உங்க வீட்டுக்காரர்கிட்டயே குடுத்துடுங்க. ஒட்டுவேலைய மட்டும் நல்லாப் பண்ணுங்கம்மா. உங்க புத்தகத்துல தப்பு இருக்கக் கூடாது."

அவள் கேட்டைத் தாண்டும்போது மகனின் கார் திரும்பி உள்ளே வந்தது. கண்ணாடி இறங்கியது. அவன் அவளையும், பையையும், பைக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்த களஞ்சியத்தையும் பார்த்தான்.

"என்ன, பழைய பேப்பர்காரன் திருப்பிக் குடுத்துட்டானா?"

பதிலுக்குக் காத்திராமல் கண்ணாடி ஏறியது. அவள் காய்கறி வாங்காமலே வீட்டுக்கு வந்தாள்.

அதற்கப்புறம் மூன்று மாதம் அந்த வீட்டில் விடியற்காலைச் செய்தித்தாளை முதலில் எடுப்பது அவள்தான். மறைவுச் செய்திப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைப்பாள். படியில் யார் காலடி கேட்டாலும் பென்சில் நின்றுவிடும். ஆறுவரி தன் வரியை வாங்கிச் சுக்குநூறாகக் கிழித்தார். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தேநீருக்குச் சர்க்கரை போதவில்லை என்று ஆரம்பித்தார். நூலகக் குழுவின் கடிதம் நவம்பரில் வந்தது. மூவாயிரமும் போயிற்று. டிசம்பர் கடைசி நாளும் போயிற்று. ஜனவரி ஒன்றாம் தேதி செய்தித்தாளில் நீதிபதி இல்லை. ஆறுவரி அன்று அறைக்கு அறை நடந்து, கை தவறினதுதான் என்று நான் அன்றைக்கே சொன்னேனா இல்லையா என்று சுவரைக்கூடக் கேட்டார். அவளும் பாதி நம்பினாள். நம்பினால் தூக்கம் வந்தது.

அந்த மூலைவீட்டுப் பழைய சட்டப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக் கொடுக்கிற பைண்டிங்காரர் அவ்வப்போது சேதி கொண்டுவருவார். நாடாப் பிடித்து அளந்தவர்கள் பிறகு வரவே இல்லையாம். வாக்குக் கொடுத்து ஏமாற்றியதாக மகனை யாரோ நெருக்குகிறார்களாம். அவன் வெளியே போவதையே நிறுத்திவிட்டானாம். ஆனால் அப்பாவும் பிள்ளையும் முன்னெப்போதும் இல்லாத ஒற்றுமை. ஒரே மேசையில்தான் சாப்பாடு. அதைவிட, சாயங்காலம் சரியாக நாலு மணிக்குப் பெரியவர் நடுங்குகிற கையால் தானே தேநீர் கலந்து மகனுக்குக் கொடுக்கிறாராம். வேலைக்காரி கலந்தால்கூட விடுவதில்லையாம். கண்கொள்ளாக் காட்சி என்றார் பைண்டிங்காரர். எண்பத்தாறு வயதில் இப்படிப் பிள்ளைப் பாசம் யாருக்கு வரும் என்றார். ஆறுவரி தலையாட்டி ரசித்தார். அவளுக்கு மட்டும் ஏனோ அந்தச் சேதியைக் கேட்டதிலிருந்து மறுபடி தூக்கம் போயிற்று.

ஜூன் மாதம் சீட்டுகள் போயின, வந்தன. நாடகக்காரர் மறைவுக் கட்டத்தில் 'டிக்கெட் விற்றுத் தீரவில்லை' என்று எழுதியிருந்தார். நீதிபதியின் சீட்டு எல்லாருக்கும் கடைசியாக, ஒரு மத்தியானத் தபாலில் வந்தது. நடுங்கிய பழைய எழுத்து. பிறப்பு 1929. மறைவுக் கட்டத்தில் அடிக்கோல் வைத்து நீளமாக ஒரு கோடு. அவள் மூச்சு விட்டாள். மச்சினன் சீட்டைத் திருப்பி, பின்பக்கம் ஒட்டியிருந்த ஐந்து வரியைப் பார்த்தான்.

"ஒரு வரி மிச்சம் அக்கா. ஐயாவே அடிச்சுட்டார்."

'தம் பணிக்காலம் முழுவதிலும் ஒருவருக்கும் மரண தண்டனை விதிக்காதவர்.' அந்த வரியின் மேல் அதே அடிக்கோல், அதே மை. ஓரம் பிசகாத ஒரே கோடு. பக்கத்தில் வேறொன்றும் எழுதவில்லை.

அடக்கம் அதிகமாகிவிட்டது, இருந்த ஐந்தும் இனி நாலு என்று ஆறுவரி முன்னறையிலிருந்து சொன்னார். அவள் தொலைபேசியை எடுத்தாள். இரண்டாவது மணியிலேயே நீதிபதி எடுத்தார்.

"சீட்டு வந்துதுங்க ஐயா. ஒரு வரிய அடிச்சிருக்கீங்க."

"ஆமாம்மா."

"அது தப்புங்களா? யாருக்காவது குடுத்திருக்கீங்களா?"

"இல்லம்மா. இன்னிக்கு வரைக்கும் அது சரிதான்." அந்தப் பக்கம் கோப்பையில் கரண்டி மெல்லச் சுற்றுகிற சத்தம் கேட்டது. "உங்க புத்தகம் எப்ப வெளிய வருது?"

"செப்டம்பர்லங்க."

"அப்ப தப்பாயிருக்கும்," என்றார் நீதிபதி. தொலைபேசியை வைத்துவிட்டார்.

அவள் திரும்பியபோது மச்சினன் அந்தப் பக்கத்தைத் திரையில் கொண்டுவந்து வைத்திருந்தான். எடுத்துடவா அக்கா என்று கேட்டான். சீட்டில் வந்தது வந்தபடிதானே.

"எடுக்காத. அந்த வரி இருக்கட்டும்."

"சீட்டுல அடிச்சிருக்காரே."

"இருக்கட்டும்னு சொன்னேன்."

பிஸ்கட் டப்பா அலமாரியில் இருந்தது. மூடியிலிருந்த எண்ணுக்குக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. முகம் கழுவவில்லை, பை எடுக்கவில்லை. செருப்பில் ஒரு காலை மாட்டிக்கொண்டே, பைண்டிங்காரர் தேநீர் நேரம் எத்தனை மணி என்று சொன்னார் என்று புருஷனைக் கேட்டாள். நாலு மணி என்றார் ஆறுவரி, எதற்கு என்று கேட்டுக்கொண்டே நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றரை ஆகியிருந்தது. அவர் மறுபடி வாசலைப் பார்ப்பதற்குள் அவள் இரண்டாம் மாடி தாண்டி இறங்கிக்கொண்டிருந்தாள்.